கட்டிலின் உயரம்

நான் பெற்ற பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டதைவிட, முன்பின் தெரியாத பெண்களிடம் "படுங்க" என்று சொன்னதுதான் அதிகம். ஈப்போவில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் பிரசவ அறையில் இருபத்தாறு வருஷமாக மருத்துவச்சியாக இருக்கிறேன். எங்கள் ஊரில் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நர்ஸ் என்றாலும் மருத்துவச்சி என்றாலும் மிஸ்ஸிதான். தமிழ்ப் பெண் வந்தால் "படுங்க" என்பேன். மலாய்ப் பெண் வந்தால் "பாரிங், புவான்". சீனப் பெண்ணுக்குக் கட்டிலை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினால் போதும். வலியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவளிடம் பேர் கேட்பதற்கு முன்பே அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிடும்.

அதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. கட்டில் என்று ஒன்று இருந்தால் அதில் படுக்கத்தானே வேண்டும்? படுத்தால் வயிற்றில் பட்டையைக் கட்டலாம். பிள்ளையின் இதயத்துடிப்பு காகிதத்தில் கோடாக ஓடும். டாக்டர் வந்தால் தேட வேண்டியதில்லை, எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். படுக்க வைத்தவுடன் பொத்தானை அழுத்திக் கட்டிலை என் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்வேன். குனிந்து குனிந்து வேலை செய்தால் இடுப்பு போய்விடும் என்று பயிற்சிக் காலத்திலேயே சொல்லித் தந்திருந்தார்கள். என் இடுப்பைத்தான் சொன்னார்கள். படுத்திருக்கிறவளின் இடுப்பைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இடுப்பைக் காப்பாற்றிக்கொண்டேன், முட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டுமே போய்விட்டன. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். கோயிலில் அன்னதானத்துக்குப் பந்தியில் உட்காருவதை விட்டுப் பல வருஷமாகிறது.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்ததும் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருக்கிறது, பாரம் என்போம். பிறந்த நேரம், எடை, நஞ்சுக்கொடி, தாய் எந்த நிலையில் பெற்றாள் என்று வரிசையாகக் கேள்விகள். மற்றவர்கள் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருப்பார்கள். நான் அப்படியில்லை. வலி ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சும்மா இருக்கும்போதே, முன்கூட்டி எழுத முடிந்ததையெல்லாம் எழுதி வைத்துவிடுவேன். தாயின் நிலை என்ற இடத்தில் "மல்லாந்து" என்று எழுத எதற்குக் காத்திருக்க வேண்டும்? வேறு எப்படிப் பெறப் போகிறாள்? அந்தச் சுறுசுறுப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

போன வருஷம் எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். நடத்த வந்தவள் என் மூத்த மகள் வயதுப் பெண். கூட்ட அறையில் கம்பளத்தின் மேல் எங்கள் எல்லாரையும் மல்லாந்து படுக்கச் சொன்னாள். "இப்ப இப்படியே கக்கூஸ் போறதா நெனச்சுக்குங்க, முக்கிப் பாருங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். சத்தமாகச் சிரித்தது நான்தான். அவள் சளைக்கவில்லை. மல்லாந்து கிடந்தால் பிள்ளையின் கனம் தாயின் இரத்தக் குழாயை அழுத்தும், வால் எலும்பு பின்னால் போக இடமில்லாமல் கட்டிலில் முட்டிக்கொள்ளும் என்றாள். நின்றால், நடந்தால், முட்டி போட்டால் இடுப்பெலும்பு விரிந்து கொடுக்கும், முதுகில் வலி வருகிறவர்களுக்கு நாலு காலில் நிற்பது ஆறுதல், களைத்தவர்கள் ஒருக்களித்துப் படுக்கலாம் என்றாள். ஒரே நிலைதான் என்று யாரையும் கட்டிப்போடாதீர்கள், பெண்ணைக் கேளுங்கள், அவளுக்குத் தெரியாவிட்டால் காட்டுங்கள் என்று முடித்தாள்.

தேநீர் இடைவேளையில் கரிப்பாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே நான் சொன்னேன். "நம்மகிட்ட யாரும் கேக்கிறதே இல்லையே லா. கேட்டா நாம வேணாம்னா சொல்லப் போறோம்?" எல்லாரும் தலையாட்டினார்கள். வகுப்புக்குப் பிறகு பிரசவ அறைக்குத் தடியான நீலப் பாய் ஒன்று வந்தது. ஒரு சக்கரம் கழன்ற டிரிப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அலமாரிக்குப் பின்னால் அதைச் செருகி வைத்தோம். அது அங்கேயே இருந்தது.

யாரும் கேட்டதில்லை என்று நான் சொன்னது பொய். கேட்காமலே செய்தவர்கள் இருந்தார்கள். வலி பொறுக்காமல் கட்டிலைவிட்டு இறங்கிக் குந்தினார்கள், முட்டி போட்டார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மலாய்ப் பெண்ணோ சீனப் பெண்ணோ அப்படிச் செய்தால் கையைப் பிடித்து மறுபடி படுக்க வைப்பேன். தமிழ்ப் பெண் செய்தால் மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "இது என்ன தோட்டமா? ஒழுங்கா படு" என்பேன்.

நானே தோட்டத்துப் பிள்ளைதான். செமோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள். தாதியர் விடுதிக்குப் போன முதல் வாரம், துணி துவைக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து துவைத்தேன். கூடப் படித்த பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். "எஸ்டேட் பிள்ள" என்று ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து யார் எதிரிலும் நான் குந்தி உட்கார்ந்ததில்லை. பிரசவ அறையில் நம் பெண்கள் குந்தும்போது, மற்ற இனத்து மிஸ்ஸிகளும் டாக்டர்களும் பார்க்கிறார்களே என்றுதான் எனக்கு எரியும். நம் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வலியில் கிடக்கிறவளை ஏசிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிவாக்கில். இரண்டாவது பிரசவம், மூத்தது பாலர் பள்ளிக்குப் போகிறது. செமோரில் பழைய தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு ஒன்றில் வீடு. கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. கூட வந்த புருஷன் டயர் கடைக்காரன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அவள் என்னைப் பார்த்ததும் கும்பிடு போடுவதுபோல் தலை குனிந்தாள்.

"படுங்க" என்றேன். படுத்தாள். பட்டையைக் கட்டினேன். சோதித்துப் பார்த்தேன், ஐந்து சென்டிமீட்டர் திறந்திருந்தது. பிள்ளையின் துடிப்பு அழகாக ஓடியது. கட்டிலை என் இடுப்புக்கு ஏற்றினேன். பாரத்தை எடுத்து எழுத முடிந்ததை எழுதினேன்.

ஒன்றரை மணி நேரம் அவள் ஒரு சத்தம் போடவில்லை. வலி வரும்போது கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், முகம் வெளுத்துப் போகும், அவ்வளவுதான். நம் பெண்கள் கத்துவார்கள் என்று எங்கள் பிரசவ அறையில் ஒரு பேர் இருப்பதால் எனக்குப் பெருமையாக இருந்தது. "நல்ல பிள்ளமா நீ. இப்படித்தான் இருக்கணும்" என்று தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு மைலோ கலக்கப் பின்னறைக்குப் போனேன். புருஷன் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றான்.

"மிஸ்ஸி, ஒன்னு கேக்கலாமா? ஏச மாட்டீங்களே?"

"கேளுங்க தம்பி. ஏசுறதுக்கு என்ன இருக்கு?"

"அந்தப் பிங்க் புக்குல ஒரு பேப்பர் இருக்கு. பாத்தீங்களா?"

பிங்க் புத்தகம் என்பது கர்ப்பிணிகள் மாதாமாதம் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் பதிவேடு. காலையிலிருந்து அது என் மேசையில்தான் இருந்தது. இரத்த வகை, இனிப்பு நீர்ச் சோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்திருந்தேன். "என்ன பேப்பர்?" என்றேன்.

"அவ எழுதி வச்சா மிஸ்ஸி. ஒரு மாசமாச்சு. வாயால சொல்ல பயமாம். புக்கத் தொறந்தா மிஸ்ஸி பாப்பாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க பாக்கலன்னு நெனைக்கிறேன்."

கடைசிப் பக்கத்தில், நாலாக மடித்த கோடு போட்ட தாள். தமிழ்ப் பள்ளியில் படித்த கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் குண்டாக, கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

"மிஸ்ஸிக்கு வணக்கம். போன தடவையும் எனக்கு இங்கேதான் குழந்தை பிறந்தது. எனக்கு வலி எல்லாம் முதுகில்தான் வரும். படுத்தால் தாங்க முடியவில்லை. அப்போது கட்டிலில் முட்டி போட்டேன். மிஸ்ஸி ஏசினார்கள். இது என்ன தோட்டமா, ஒழுங்கா படு என்றார்கள். பிறகு படுத்துக்கொண்டேன். இந்தத் தடவை படுக்காமல் பெற முடியுமா? முடியாது என்றால் பரவாயில்லை. கோபப்பட வேண்டாம்."

நின்றபடியே இரண்டு முறை படித்தேன். அவள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் அந்த வார்த்தை என் வார்த்தை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து பாலர் பள்ளிக்குப் போகும் வயசு வரை அதை அவள் மனசில் வைத்திருக்கிறாள், நானோ அன்றைக்குச் சாயங்காலமே மறந்திருப்பேன். கடைசியில் "கோபப்பட வேண்டாம்" என்று எழுதியிருந்ததுதான் என்னை மிகவும் வாட்டியது. மைலோவை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"ஏம்மா, முதுகு வலிக்குதா? ஒனக்கு எப்படி இருந்தா சுகமா இருக்கும், சொல்லு. எறங்கி நிக்கிறியா?"

அவள் புருஷனை முறைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பரவால்ல மிஸ்ஸி. படுத்துக்கிறேன். ஓகே லா" என்றாள்.

"இல்லமா, நெசமாத்தான் கேக்கிறேன்."

"ஓகே மிஸ்ஸி. நான் ஒன்னும் பண்ணல."

இன்னும் ஒரு தடவை கேட்டேன். கேட்கக் கேட்க அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பெண்ணைக் கேளுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். கேட்டாலும் பதில் வராது என்று சொல்லவில்லை. காலையிலிருந்து படு படு என்று அதிகாரம் செய்தவள் திடீரென்று வந்து என்ன வேண்டும் என்று கேட்டால், யாராக இருந்தாலும் இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் நினைப்பாள்.

தெரியாவிட்டால் காட்டுங்கள் என்று வகுப்பு நடத்தியவள் சொன்னது ஞாபகம் வந்தது. பட்டையைக் கழற்றினேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து நீலப் பாயை இழுத்தேன். தூசி பறந்தது. துடைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தேன். என் முட்டிகளை மறந்துவிட்டு, கம்பியைப் பிடித்து இறங்கி, கையையும் காலையும் ஊன்றி நாலு காலில் நின்றேன்.

"இங்க பாரும்மா. வலி வரும்போது இப்படி நின்னு, இடுப்ப இப்படி ஆட்டணும். இப்படி ஒரு பக்கம், அப்படி ஒரு பக்கம்."

ஆட்டிக் காட்டினேன். ஐம்பத்துமூன்று வயசு, எழுபத்தெட்டுக் கிலோ, வெள்ளை யூனிஃபார்ம். புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். காட்டி முடித்து எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. வலது முட்டி பூட்டிக்கொண்டது. இடதை ஊன்றினேன், அதுவும் ஒத்துழைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த மலாய்க்காரப் பையன். பாயில் என்னையும் கட்டிலில் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "அப்பா ஹால், மிஸ்ஸி?" என்றார். என்ன விஷயம் என்று கேட்கிறார். "டெமோ, டாக்டர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

முதலில் சிரித்தது அவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு போர்வையைத் தள்ளிவிட்டு, புருஷன் பிடிப்பதற்குள் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு இறங்கி, என் அக்குளில் கை கொடுத்தாள். "புடிச்சுக்குங்க மிஸ்ஸி. ஒன்னு, ரெண்டு, மூணு." புருஷன் இன்னொரு பக்கம் பிடித்தான். நான் எழுந்து நின்றேன். பிரசவ வலியில் இருக்கிறவள் மிஸ்ஸியைத் தூக்கிவிட்டது அந்த அறையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவள் நின்றபடி இருக்கும்போதே அடுத்த வலி வந்தது. யாரும் சொல்லாமலே கட்டிலின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, இடுப்பை மெதுவாக ஆட்டினாள். மூச்சை வாயால் விட்டாள். முகம் வெளுக்கவில்லை. வலி போனதும் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"ஃபேக்டரில இப்படித்தான் நிப்பேன் மிஸ்ஸி. ஷிஃப்ட் முடியிற நேரத்துல முதுகு உட்டுப்போயிரும். மேசைல சாஞ்சு இப்படி ஆட்டுனா லேசா இருக்கும். சூப்பர்வைசர் பாக்காதப்ப."

"இங்க சூப்பர்வைசர் இல்ல" என்றேன். சொல்லும்போதே, அந்த அறைக்கு அதுவரை சூப்பர்வைசராக இருந்தது யார் என்று எனக்கே தெரிந்துதான் இருந்தது.

கட்டில் அவளுக்குக் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. அவள் என்னைவிட உயரம். பொத்தானில் விரலை வைத்தேன். "இந்த ஒயரம் போதுமா?" "இன்னும் கொஞ்சம் மிஸ்ஸி." ஏற்றினேன். "இப்ப?" "கொஞ்சூண்டு எறக்குங்க. ம். இது சரி." இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பொத்தானை அடுத்தவள் சொல்லி நான் அழுத்தியதில்லை.

புருஷனின் உள்ளங்கையை அவளுடைய நடு இடுப்பில் வைத்து அழுத்தச் சொல்லிக் கொடுத்தேன். "டயர் மாத்துற கைதானே தம்பி, பயப்படாம அமுக்குங்க." அவன் அமுக்கினான், அவள் "அங்கதான், அங்கதான்" என்றாள். நான் சக்கர நாற்காலிபோல் உருளும் சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்து, கையில் பிடிக்கும் கருவியால் அவ்வப்போது பிள்ளையின் துடிப்பைக் கேட்டேன். டாக்டர் அரைமணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "இப்படி நின்னா நான் எப்படிச் செக் பண்றது மிஸ்ஸி?" என்று மலாயில் கேட்டார். "பிள்ளைக்கும் அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்ல டாக்டர். பாக்கணும்னா அவ சொல்லும்போது பாக்கலாம்" என்றேன். அதற்கப்புறம் அவர் போகவில்லை, சுவரோரமாக நின்றுகொண்டார்.

பகல் ஒரு மணி தாண்டியதும், வலி முடிகிற நேரத்தில் துடிப்பு கொஞ்சம் இறங்கியது. அடுத்த வலியிலும் இறங்கியது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். அவரும் கேட்டுவிட்டார். "படுங்க" என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கியது, அந்த முட்டி வலியோடு எழுந்து நின்றதைவிடச் சிரமமாக இருந்தது.

"அம்மா, பிள்ளையோட துடிப்பு கொஞ்சம் எறங்குது. பயப்படாத. எடத்த மாத்திப் பாக்கணும். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கிறியா, இல்ல முட்டி போடுறியா? ரெண்டுமே சரிதான்."

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. "முட்டி போடுறேன் மிஸ்ஸி."

நான் பாயைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு என் முட்டிகளைப் பார்த்தாள்.

"கீழ வேணாம் மிஸ்ஸி. அப்புறம் ஒங்கள யாரு தூக்குறது? கட்டில் மேலயே போடுறேன்."

கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்திவிட்டேன். அவள் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டி முட்டி போட்டு, நிமிர்ந்த மெத்தையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். டாக்டர் என் கையிலிருந்து கருவியை வாங்கி, குனிந்து அவள் வயிற்றின் அடியில் வைத்துப் பிடித்தார். ஒரு வலி வந்து போனது. துடிப்பு இறங்கவில்லை. இன்னொன்று வந்து போனது. ஓடுகிற குதிரைபோல் அது ஒரே சீராக ஓடியது. டாக்டர் ஒரு தலையணையை எடுத்து அவள் முட்டிகளுக்குக் கீழே செருகினார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

வழக்கமாக இந்த நேரத்தில் நான் "தெரான்! தெரான்!" என்று கத்துவேன். முக்கு என்பதற்கு மலாய் வார்த்தை. எங்கள் பிரசவ அறைக்கு வெளியே நடந்து போகிறவர்களுக்கெல்லாம் என் குரல் தெரியும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எப்போது முக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. அவள் சத்தம் போட்டாள். அடிவயிற்றிலிருந்து வந்த நீளமான சத்தம். போடட்டும் என்று விட்டேன்.

தலை தெரிந்தபோது ஒரு கணம் எனக்குக் கை ஓடவில்லை. எல்லாமே தலைகீழாக இருந்தது. வழக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு வரும் முகம் மேலே என்னைப் பார்த்துக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷம் பழகிய கை புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பிடிக்கவேண்டிய அவசியமே அதிகமில்லை, தோள் தானாகத் திரும்பியது, பிள்ளை வழுக்கிக்கொண்டு என் கையில் வந்து விழுந்தாள். பெண் பிள்ளை. அவளை அம்மாவின் இரண்டு காலுக்கும் நடுவில் முன்னால் நீட்டினேன். "கீழ பாரும்மா. எடுத்துக்க." அவள் குனிந்து பார்த்து, தன் கையாலேயே எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தையல் போட ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்தது. முகக்கவசம் இருந்ததால் தப்பித்தேன்.

பாரத்தை எடுத்தேன். தாயின் நிலை என்ற இடத்தில், காலையில் நான் எழுதிய "மல்லாந்து" அழகாக உட்கார்ந்திருந்தது. பதிவில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். மேலே "முட்டியிட்டு" என்று எழுதினேன். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். "இத எப்ப எழுதினீங்க மிஸ்ஸி?" என்றார். "காலையில" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை என் வேலை நேரத்தில் முதலில் வந்தவள் ஒரு டீச்சர். வாயில் "ப" வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். "எப்படி இருக்கணும்னு தோணுது? நிக்கிறீங்களா, நடக்கிறீங்களா, பெரிய ரப்பர் பந்து மேல உக்காருறீங்களா?" என்று விருந்து பரிமாறுகிற மாதிரி அடுக்கினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "மிஸ்ஸி, நான் கொஞ்சம் படுத்துக்கட்டுமா? ரெண்டு நாளா தூக்கமே இல்ல" என்றாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலுக்கு நடுவில் தலையணை கொடுத்தேன்.

பசியாற விட்ட நேரத்தில், பிள்ளை பெற்றவர்களை வைத்திருக்கும் மாடி வார்டுக்குப் போனேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கதையைச் சொன்னேன், சிரித்தாள். பிறகு, சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பேப்பரப் படிச்சேன்மா. போன தடவ ஒன்ன அப்படி ஏசுனதுக்கு என்ன மன்னிச்சிரு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் கண்ணை அகல விரித்தாள். "அய்யோ, நீங்க இல்ல மிஸ்ஸி!"

"நான்தான்மா. எனக்குத் தெரியும்."

"இல்ல மிஸ்ஸி. வேற மிஸ்ஸி. தமிழ் மிஸ்ஸிதான். சின்ன வயசு, ஒல்லியா இருப்பாங்க, மூக்குத்தி போட்டிருப்பாங்க. ஒங்கள நேத்துதான் மொதல்ல பாக்கிறேன்."

எனக்குத் தெரிந்தவள்தான். படித்து முடித்துவிட்டு நேராக எங்கள் பிரசவ அறைக்கு வந்தவள், மூன்று வருஷம் என் கூடவே நின்றாள். புருஷனுக்கு ஊர் பக்கம் வேலை கிடைத்தவுடன் மாற்றல் வாங்கிக்கொண்டு பாரிட் புந்தாருக்குப் போய்விட்டாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். சுற்றிலும் நெல் வயல். அப்பா கடை வைத்திருந்தவர். ரப்பர் மரத்தைக்கூட அவள் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பாள். எங்களிடம் வந்த புதிதில், பெண்களிடம் "அக்கா, அக்கா" என்று அவ்வளவு மெல்லப் பேசுவாள். இவ்வளவு மெல்லப் பேசினால் யாரும் உன்னை மதிக்க மாட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். "இது என்ன தோட்டமா" என்ற பேச்சு அவளுக்கு வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

மாடிப்படியிலேயே நின்று அவளுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"அக்கா! என்ன அதிசயமா?"

"வேலையிலயா இருக்க?"

"ஆமாக்கா. மொதப் பிரசவம், ஒருத்தி வந்திருக்கா. இப்பத்தான் படுக்க வச்சிட்டு மைலோ குடிக்க வந்தேன்."

"கட்டில எந்த ஒயரத்துல வச்சிருக்க?"

அவள் சிரித்தாள். "என்னக்கா பரீட்சையா? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான். என் இடுப்பு ஒயரத்துல."

படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்குக் கீழே தெருவில் அன்னாசி விற்கிறவன் போய்க்கொண்டிருந்தான்.

"நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றேன். "மைலோ ஆறினாப் பரவால்ல. போய் அவ எப்படி இருக்க ஆசப்படுறான்னு கேளு. ஒடனே சொல்ல மாட்டா, நின்னு கேளு. நான் வைக்கல, லைன்லயே இருக்கேன்."